28 நாள் வாடகைப் பணத்தில் பிரிட்டன் விசா வாங்கலாமா?

பந்தலூர் வட்டத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர்கள். தாத்தா டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அதில் 30 சென்டுக்குத்தான் பட்டா, மீதி பட்டா கிடைக்காத செக்‌ஷன் 17 நிலம். இவர் கோவையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து, கூடலூரில் ஒரு லேபில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு திருமணம் ஆனது. கணவர் சொந்த டாக்சி ஓட்டுகிறார்.

பிரிட்டனில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு 2026 செப்டம்பரில் சேர இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் 17,500 பவுண்டு. அதில் 5,000 பவுண்டை நகைக்கடன் வாங்கிக் கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. குன்னூரில் இருக்கும் தாய்மாமா தன் பெயரில் உள்ள 12 லட்சம் ரூபாய் டெபாசிட்டைக் காட்டச் சம்மதிக்கிறார். மீதிக்கு ஏஜெண்ட் சொல்லும் வழி இது: தெரிந்த ஒருவர் மாதம் 3 சதவீத வட்டிக்குப் பணம் போடுவார், இரண்டு மாதம் கணக்கில் இருந்தால் போதும், விசா வந்ததும் எடுத்துக்கொள்வார். “அங்கே போனபிறகு கணவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், பார்ட் டைம் வேலையிலேயே மீதிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம், படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலை செய்யலாம், ஒன்றும் அமையாவிட்டால் கேர் ஹோமில் ஸ்பான்சர் வாங்கித் தருகிறோம்” என்றும் ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். கணவரின் அண்ணன், ஆஸ்திரேலியாவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். “யார் சொல்வதை நம்புவது? தள்ளிப்போட்டால் கட்டணம் இன்னும் ஏறிவிடாதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

ஏஜெண்ட் சொன்னவற்றில் சில, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உண்மையாக இருந்தவை. அதனால்தான் கேட்கும்போது நம்பத் தோன்றுகிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதிதான் உங்களுக்குப் பொருந்தும். விசாவுக்காகக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பித் தரும் வாடகைப் பணத்துக்கு மட்டும் எந்தக் காலத்து விதியிலும் இடம் இருந்ததில்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்

லண்டனுக்கு வெளியே படிப்பவர், மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இந்தத் தொகை நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 1,136 ஆகவும், அதற்கும் முன் 1,023 ஆகவும் இருந்தது. ஏஜெண்டின் தாளில் பழைய எண் இருந்தால் அந்தத் தாளைத் தள்ளி வையுங்கள். ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு. கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் 12,500. இரண்டும் சேர்த்து 23,039 பவுண்டு. கணக்குக்காக ஒரு பவுண்டை 120 ரூபாய் என்று வைத்தால் 27 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் வருகிறது. மாற்று விகிதம் தினமும் அசையும் என்பதால் இதற்கு மேல் ஐந்து சதவீதமாவது கூடுதலாக வைத்திருக்க வேண்டும். ரூபாய் கணக்கில் சரியாக இருந்து, விண்ணப்பித்த நாளின் விகிதத்தில் சில ஆயிரம் குறைந்ததால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் உண்டு.

இது காட்ட வேண்டிய பணம் மட்டுமே. விசாக் கட்டணமும் மருத்துவக் கட்டணமும் தனி. விசாக் கட்டணத்தை 2025 ஏப்ரல் 9 அன்று 490 பவுண்டிலிருந்து 524 ஆக்கினார்கள். இத்தகைய மாற்றம் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். உங்கள் விண்ணப்பம் 2026 கோடையில் என்பதால் இன்னும் 50 பவுண்டு ஒதுக்கி வையுங்கள். ஐ.எச்.எஸ். எனும் மருத்துவக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. 2024 பிப்ரவரிக்கு முன் இது 470 ஆக இருந்தது. ஓராண்டுப் படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் சேர்த்து விசா தருவதால், ஒன்றரை ஆண்டுக்கு 1,164 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது.

தள்ளிப்போட்டால் கட்டணம் ஏறாதா என்ற உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆமாம், ஏறும். ஆனால் 2025-இல் விசாக் கட்டணத்தில் ஏறியது 34 பவுண்டு, நாலாயிரம் ரூபாய். அதற்குப் பயந்து 72,000 ரூபாய் வட்டிக்கு 12 லட்சம் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

வாடகைப் பணம்

விதி கேட்பது இதுதான். பணம் உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அந்த 28-ஆம் நாள், நீங்கள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். ஏஜெண்ட் இந்த 28 நாளை மட்டும் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பணம் உண்மையாகவே உங்கள் படிப்புக்கும் செலவுக்கும் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதியின் பகுதிதான்.

அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார் என்று நினைக்கலாம். மாதம் பதினைந்தாயிரம் இருபதாயிரம் புழங்கும் கணக்கில் திடீரென 12 லட்சம் வந்து அசையாமல் நின்றால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார். வங்கியிடம் நேரடியாகச் சரிபார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வீடியோ நேர்காணலில் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தெரியாத ஒருவரை “சித்தப்பா” என்று சொல்லும் நொடியில் அது பணப் பற்றாக்குறை என்ற நிலையைத் தாண்டி ஏமாற்று என்று ஆகிவிடும். பணம் போதவில்லை என்று மறுத்தால் மறுமுறை சரிசெய்து விண்ணப்பிக்கலாம். ஏமாற்று என்று எழுதி மறுத்தால் பத்தாண்டுகள் வரை பிரிட்டன் கதவு சாத்தப்படலாம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலிய விண்ணப்பங்களிலும் “இதற்கு முன் எங்காவது மறுக்கப்பட்டதா” என்ற கேள்வி இருக்கிறது. ஏஜெண்ட் அடுத்த மாணவரைப் பார்க்கப் போய்விடுவார். பெயர் கெடுவது உங்களுக்குத்தான்.

இன்னொன்று. பணம் போட்டவர், கணக்கின் காசோலையையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் தன் கையில் வைத்துக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் வழக்கம். 27-ஆம் நாள் அவர் எடுத்துவிட்டால் உங்களால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

மாமாவின் டெபாசிட், சங்கத்துப் பணம், செக்‌ஷன் 17 நிலம்

மாமா பெயரில் இருக்கும் டெபாசிட் செல்லாது. மாணவரின் விசாவுக்கு அவரது கணக்கு, பெற்றோர் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு, கூடவே வரத் தகுதியுள்ள துணைவரின் கணக்கு இவற்றைத்தான் ஏற்பார்கள். நம் ஊரில் தாய்மாமா பெற்றோருக்குச் சமம். அவர்கள் விதியில் அந்த உறவுக்கு இடமில்லை.

ஆனால் மாமா உங்களுக்கு உண்மையாகவே கொடுக்க நினைத்தால் நேர்வழி ஒன்று இருக்கிறது. டெபாசிட்டை உடைத்து, வங்கி வழியாக உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று ஒரு கடிதத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பெற்றோரின் உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு நம் வருமான வரிச் சட்டத்தில் எந்தத் தொகைக்கும் வரி இல்லை. பணம் உங்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்து 28 நாளை எண்ணுங்கள். யாராவது கேட்டால் மறைக்க ஒன்றும் இல்லை, கடிதத்தைக் காட்டலாம். “விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடு” என்று மாமா நினைத்தால் அதுவும் வாடகைப் பணம்தான். இதை அவரிடம் வாய்விட்டுக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கூட்டுறவுச் சங்கக் கணக்கும் இடறும் இடம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குள் வரும் வங்கி இல்லை. முறையான ஒழுங்குமுறையும் மின்னணுப் பதிவும் இல்லாத, சரிபார்க்க முடியாத நிறுவனத்தில் உள்ள பணத்தை அதிகாரி கணக்கில் எடுக்கமாட்டார். அந்த 3 லட்சத்தையும் உங்கள் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நிலம், நகை, பி.எஃப்., எல்.ஐ.சி. எதுவும் எண்ணிக்கையில் வராது. ஆடிட்டர் போட்டுத் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழுக்கு ஐந்தாயிரம் பத்தாயிரம் செலவழிக்காதீர்கள். செக்‌ஷன் 17 நிலத்துக்கு வங்கி கடன் மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக மேலாளர் மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1969 கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததை அடமானமாக எழுத வங்கிக்கு வழியில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் தலைமுறையாகத் தேயிலை பறித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அழுத்தும் பிரச்சினை இது. உங்கள் படிப்பை அதன் தீர்வுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கல்விக் கடன்: கடிதத்தில் ஒரு வரி போதும், எல்லாம் கெட

அன்பளிப்பும் சங்கத்துப் பணமும் சேர்ந்தால் 15 லட்சம். குறைவது 12 முதல் 14 லட்சம். இதற்குக் கல்விக் கடன்தான் சரியான இடம். ஏழரை லட்சம் ரூபாய் வரை, கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ், சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் தரலாம். பெற்றோரோ கணவரோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். அதற்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். மாமாவின் குன்னூர் வீட்டை மூன்றாம் நபர் அடமானமாக வைக்கலாம். ஆனால் அனுமதி பெற்ற கட்டட வரைபடம் இல்லாத வீட்டை வங்கி எடுக்காது. நீலகிரியில் நிறைய வீடுகள் அங்கேதான் நின்றுபோகின்றன. முதலில் அந்தத் தாளைத் தேடச் சொல்லுங்கள். கடன் கட்டாமல் போனால் ஏலத்துக்கு வருவது அவர் வீடு என்பதை மாமியும் உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டுப் படிப்புக்கு அது உதவாது.

கல்விக் கடனின் பெரிய வசதி, அதற்கு 28 நாள் விதி இல்லை. ஆனால் வங்கி தரும் ஒப்புதல் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: உங்கள் பெயர், தொகை, இது கல்விக் கடன் என்ற சொல், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வரும் தேதி, படிப்பு தொடங்கும் முன் பணம் கிடைக்கும் என்ற உறுதி அல்லது பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகச் செலுத்தப்படும் என்ற குறிப்பு. விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக் கூடாது. நம் வங்கிகளின் வழக்கமான படிவத்தில் “அடமானப் பத்திரம் பதிவு செய்தபின் வழங்கப்படும்” என்று ஒரு வரி அச்சாகியே வரும். அந்த ஒரு வரிக்காக மறுத்திருக்கிறார்கள். அடமானப் பதிவை முன்கூட்டியே முடித்து, அந்த வரி இல்லாத கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பர்சனல் லோன் கடிதம் கல்விக் கடன் ஆகாது.

கல்விக் கடனிலிருந்து நேராக வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் டி.சி.எஸ். எனும் வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணத்தில் அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் பிடித்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கணவர் வருவது பற்றி

இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்பில் சேருபவரும், கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் முழுதாக ஏற்கும் அரசு உதவித்தொகை பெற்றவரும்தான் குடும்பத்தை அழைத்துப் போக முடியும். பாடம் படித்துத் தேர்வெழுதும் எம்.எஸ்சி.க்கு அது இல்லை. “போனபிறகு கூப்பிடலாம்” என்பதும் தவறு. படிப்புக்குப் பின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும், மாணவர் காலத்திலேயே கூட இருந்த துணைவர் மட்டும்தான் தொடரலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சரில் கிடைக்கும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாறினால்தான் அவருக்கு வழி திறக்கும். அதுவரை பார்வையாளர் விசாவில் வந்து போகலாம், வேலை செய்ய முடியாது. ஆக, இரண்டரை ஆண்டுகள் வரை பிரிந்திருக்கத் தயாரா என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

தனியாகப் போவதென்றாலும் விண்ணப்பத்தில் திருமணமானவர் என்றே எழுதுங்கள். “சிங்கிள் என்று போட்டால் சுலபம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்று மறைத்த கணவரை நாளை துணைவர் என்று எழுதும்போது இரண்டு விண்ணப்பமும் மோதும்.

வேலை, சம்பளம், 18 மாதம்

பார்ட் டைம் வேலையில் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்பதையும் கணக்குப் போட்டே பாருங்கள். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஓராண்டு எம்.எஸ்சி.யில் கோடை மாதங்கள் விடுமுறை ஆகாது. ஆய்வேடு எழுதும் அந்தக் காலத்துக்கும் 20 மணி நேரம்தான். 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வாரமும் விடாமல் வேலை கிடைத்தால் மாதம் சுமார் 1,100 பவுண்டு. அவர்களே மாதச் செலவு என்று சொல்லும் தொகை 1,171. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே சரியாகப் போய்விடும். உணவு டெலிவரி போன்ற சுயதொழிலுக்கு மாணவர் விசாவில் அனுமதி இல்லை. வேறொருவர் பெயரில் உள்ள டெலிவரிக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டிச் சிக்கினால் விசா ரத்தாகும் அளவுக்குப் போகும்.

படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு என்பது உங்களுக்குப் பொருந்தாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கிராஜுவேட் விசா 18 மாதம்தான், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு. 2026 செப்டம்பரில் சேரும் நீங்கள் விண்ணப்பிப்பது 2027 இலையுதிர் காலத்தில். அதற்கான கட்டணம் 2025 ஏப்ரல் விலைப்படி 880 பவுண்டு. மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் ஒன்றரை ஆண்டுக்கு 1,552 பவுண்டு 50 பென்ஸ். சேர்த்தால் 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் சொச்சம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. பிரிட்டனுக்குள் இருக்கும்போதே, பல்கலைக்கழகம் நீங்கள் தேறியதைத் தெரிவித்த பிறகு, மாணவர் விசா முடியும் முன் விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கப்புறம் தங்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அது பட்டப்படிப்புத் தரத்து வேலைகளுக்குத்தான் பெரும்பாலும். பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்து முடித்துப் புதிதாக வருபவர்களுக்கு 33,400, அதோடு அந்தந்த வேலைக்கான விகிதமும் பார்ப்பார்கள். லேப் டெக்னீஷியன் வேலைக்குத் தொடக்கத்தில் அந்தச் சம்பளம் கிடைப்பது கடினம். ஆகவே படிக்கும்போதே எந்த நிறுவனம் ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேர் ஹோம் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அதே நாளில் மூடிவிட்டார்கள். ஸ்பான்சர்ஷிப்பை விலைக்கு விற்கிறேன் என்பவர் மோசடிக்காரர், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இந்தக் கணக்கில் கடனையும் வைத்துப் பாருங்கள். 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை 33,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. ஊர் திரும்பி லேப் வேலைக்குப் போனால் இதைக் கட்ட முடியுமா? 12 லட்சம் கடன் என்றால் தவணை 16,000-க்குள் நிற்கும். கடனை அதற்குள் வைத்துக்கொண்டால், அங்கே வேலை அமையாமல் போனாலும் குடும்பம் மூழ்காது.

பெயரும் முதலெழுத்தும்

உங்கள் மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இது சாதாரணம். முகாமில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து. அப்பாவின் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் அவரது சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும், பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கும். எல்லாப் பணத்தையும் உங்கள் பெயரில் உள்ள ஒரே வங்கிக் கணக்கில் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. வங்கிக் கணக்கு, சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் காஸ், விசா விண்ணப்பம் மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மார்க் ஷீட்டில் உள்ள முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கு முன்பே எழுதி, அவர்கள் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆஸ்திரேலியா?

கணவரின் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே எம்.எஸ்சி. மாணவர் துணைவரை அழைத்துப் போகலாம், அவர் வேலையும் செய்யலாம். ஆனால் விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகிவிட்டது. மறுத்தால் திரும்ப வராது. ஓராண்டுச் செலவுக்கு மாணவருக்கு 29,710 டாலரும் துணைவருக்கு 10,394 டாலரும் கல்விக் கட்டணத்துக்கு மேல் காட்ட வேண்டும். பிரிட்டனுக்கே பணம் தேடும் நிலையில் இது எட்டாது. கட்டணமே பெரிய தடை என்றால் ஜெர்மனியை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ வைக்க வேண்டும், இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும்.

நான் உங்களிடத்தில் இருந்தால்

இந்தச் செப்டம்பரைக் கட்டாயம் என்று வைத்துக்கொள்ள மாட்டேன். மே மாத முடிவுக்குள் மாமாவின் அன்பளிப்பு உங்கள் கணக்கிலும், நிபந்தனை இல்லாத கடன் கடிதம் உங்கள் கையிலும் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு தள்ளிவையுங்கள். அந்த ஓராண்டை வீணாக்க வேண்டாம். பட்டியல் இன மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பல்கலைக்கழகம் கியூ.எஸ். எனும் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை மாவட்ட அலுவலகத்திலும் தாட்கோவிலும் இரண்டையும் விசாரியுங்கள். போட்டி கடுமைதான். ஆனால் கட்டணமும் செலவும் முழுதாகத் தரும் மத்திய அரசு உதவித்தொகை கிடைத்தால், கடனும் குறையும், மேலே சொன்ன விதிவிலக்கில் கணவரும் கூட வரும் வாய்ப்பு உண்டு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏஜெண்டுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், அதுவும் நீங்கள் சேர்ந்தால்தான். அவர் இதை நினைவூட்டாததில் வியப்பில்லை.

போவது என்று முடிவானால் வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். உங்கள் பாடத்துக்கு ஏடாஸ் எனும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திடம் இன்றே கேளுங்கள். சில முதுகலைப் பாடங்களுக்கு அது தேவை. கட்டணம் இல்லை, ஆனால் குறைந்தது 30 வேலை நாள் ஆகும். ஜூன் முதல் வாரத்தில் 28 நாள் எண்ணிக்கையைத் தொடங்குங்கள். ஜூலை தொடக்கத்தில் காஸ் வாங்குங்கள். காசநோய்ப் பரிசோதனையை பிரிட்டன் அரசின் பட்டியலில் உள்ள கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும், ஊட்டியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஜூலை நடுவில் விண்ணப்பித்தால் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். கைரேகை கொடுக்கப் பெங்களூரு போவதென்றால் பந்திப்பூர்ப் பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதையும் அடைபடும். முதல் நாளே இறங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் தொலைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். இப்போது விசா என்பதே அந்த ஆன்லைன் கணக்கில்தான் இருக்கிறது. சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள். அதில் இருக்கும் பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு என்று கையெழுத்திடுகிறீர்கள்.

பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு ஏஜெண்டைக் கலக்காமல் இந்த வாரமே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும். சேர்க்கையை 2027-க்குத் தள்ளினால் நான் கட்டிய 5,000 பவுண்டு அப்படியே தொடருமா? விசா மறுக்கப்பட்டால் எந்தச் சூழலில் திரும்பத் தருவீர்கள், எந்தச் சூழலில் தரமாட்டீர்கள்? காஸ் தருவதற்கு முன் பண ஆதாரத்தை நீங்களும் பார்ப்பீர்களா? பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இப்போது பார்க்கின்றன. விசா மறுப்பு 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்ற வரம்பை 5 ஆக இறுக்குவதாக பிரிட்டன் அரசின் 2025 மே வெள்ளை அறிக்கை சொன்னதிலிருந்து, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமம் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாமாவிடமும் வங்கியிடமும் பேசப் போங்கள்.